செவலைக்கு வாங்கிய ஸ்ப்ரே கன்

எங்கள் அண்ணி எதெல்வீனாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். எங்கள் ஊர் கொலோனியா தெரெசீனாவில் இது எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் கசாப்புக் கடையில் ஒருவன், "பொம்பள அடிச்ச பெயின்ட்டு, ஒரு மழை பேஞ்சா தெரியும்" என்றான். வாங்கிய கறியை அங்கேயே வைத்துவிட்டு அவனை இழுத்துக்கொண்டு போய், தெருவில் நின்ற தண்ணீர் டேங்கரைக் காட்டினேன். அண்ணி பெயின்ட் அடித்த டேங்கர் அது. எத்தனையோ மழை பார்த்துவிட்டது. "நகத்தால சுரண்டுடா, பாக்கலாம்" என்றேன். அவன் நகம்தான் உடைந்தது. திரும்பி வருவதற்குள் என் கறியை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது வேறு விஷயம்.

என் அண்ணன் லிவியோ அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். மார்ச் மாதம் வண்டியைக் கிளப்பினால் சோயா, மக்காச்சோளம் என்று பயிர் முற்றுகிற பக்கமெல்லாம் சுற்றிவிட்டு ஜூலைக் குளிரில்தான் வீடு திரும்புவார். அப்படி அவர் ஊரில் இல்லாத ஒரு வருடம், கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த விதைப்பு இயந்திரத்துக்கு அண்ணி பிரஷ்ஷால் பெயின்ட் அடித்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கலப்பையைக் கொண்டுவந்தார். அப்புறம் டிரெய்லர், பால் வண்டி, டிராக்டர் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. பழைய ஸ்ப்ரே கன் ஒன்றும், மூடிப்போன பஞ்சர் கடையிலிருந்து ஒரு கம்ப்ரசரும் வாங்கினார். பார்த்துக்கொண்டிருந்த வெல்டிங் வேலையை முதலாளியோடு சண்டை போட்டு விட்டுவிட்ட நான், துரு சுரண்டவும் உப்புத்தாள் தேய்க்கவும் அவரோடு சேர்ந்துகொண்டேன். "ரெமோ, வாயக் கொஞ்சம் மூடிட்டுத் தேச்சேன்னா இன்னும் வழவழன்னு வரும்டா" என்பார். ரெமோ என்பது நான்தான்.

அந்தப் பழைய கன் இருக்கிறதே, அது ஒரு சனியன். கப் கீழே தொங்குகிற வகை. நிமிர்ந்து நின்று அடித்தால் பரவாயில்லை. டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் படுத்துக்கொண்டு கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும், இருமி இருமித் துப்பும். பாதி பெயின்ட் இரும்பில், பாதி அண்ணியின் தலையில். ஒரு சனிக்கிழமை பச்சை டிராக்டர் ஒன்றை முடித்துவிட்டு மறுநாள் கோயிலுக்குப் போனார். பாதிரியார் பிரசங்கம் முழுக்க அண்ணியின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் ஊரின் நூற்றாண்டு விழா வந்தது. மே மாதம் ஊர்வலம். எங்கள் ஊர்வலத்தில் முதலில் போவது கொடியும் இல்லை, மாதா சுரூபமும் இல்லை, டிராக்டர்தான். கூட்டுறவுச் சங்கம் முதன்முதலாக வாங்கிய சிவப்பு டிராக்டர். முறை வைத்து எல்லாக் குடும்பத்து நிலத்தையும் உழுத வண்டி. குதிரையின் நிறத்தைச் சொல்வதுபோல அதைச் செவலை என்றுதான் ஊரே கூப்பிடும். சங்கக் கிடங்கின் மூலையில் அதன் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. நூற்றாண்டுக்கு அதைப் புதிதாக்கிவிட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. பெயின்ட் யார் அடிப்பது என்பதில் சண்டை வந்தது.

சங்கத் தலைவர் தோன் ஒரெஸ்தே. ரொசாரியோ நகரத்தில் அவருடைய மருமகன் பெரிய பட்டறை வைத்திருக்கிறான். பெயின்ட் அடித்த வண்டியை உள்ளே விட்டுச் சூடேற்றி உலர்த்த ஒரு அறையே இருக்கிறதாம். "அவன்ட்ட குடுத்துட்டா நமக்குக் கவலையில்ல" என்றார் தலைவர். உடனே பால் பண்ணைக்காரர் ஒமார் சுர்பிரிகன் எழுந்து நின்றார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"நம்ம செவலையத் தொடறதுக்கு நகரத்துக்காரன் எதுக்கு? எதெல்வீனா என்ன செத்தா போயிட்டா? அவளுக்கு ஒரு நல்ல கன்னு வாங்கிக் குடுப்போம். அடிக்கட்டும்!"

கைகள் உயர்ந்தன. எந்தக் கன் வேண்டும் என்று அண்ணியே போய்ப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது, சங்கம் வாங்கித் தரும் என்று முடிந்தது. தோன் ஒரெஸ்தே விரலை ஆட்டினார். "வேலை சரியா வரலேன்னா ஊர்வலத்துக்கு முன்னாடியே தூக்கி மருமகன்ட்ட அனுப்பிடுவேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் மாத்தே மூலிகைத் தேநீரைக் குழலில் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னார். "இத மட்டும் நான் நல்லா பண்ணிட்டேன்னு வை, அதுக்கப்புறம் எவனும் என்னப் பொம்பளப் பெயின்ட்டர்னு சொல்ல மாட்டான். சொதப்பிட்டேன்னா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பான்."

ரொசாரியோவில் ஒரு கடைக்குப் போனோம். சுவர் முழுக்கக் கன்கள். கடைக்காரர் பொறுமைசாலி. முதலில் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். நம் நாட்டிலேயே செய்தது. கப் மேலே இருந்தது, ஆனால் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. "இது காத்து கம்மியா சாப்பிடும். விசிறி மாதிரி விரியுற பரப்புதான் சின்னது, வேலை மெதுவா நடக்கும்" என்றார். அண்ணி அதைக் கையில்கூட வாங்கவில்லை. அவர் கண் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இன்னொன்றின்மேல் இருந்தது.

அது இத்தாலியில் செய்தது. அதிலும் பீமோந்தே மாகாணத்தில். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய முன்னோர்கள் அங்கிருந்து கப்பலேறி வந்தவர்கள். இன்னும் கோபம் வந்தால் அந்தப் பேச்சில்தான் திட்டுவோம். பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த ஊர்ப் பெயரை அண்ணி படித்தார். அவருடைய குடும்பம் புறப்பட்டு வந்த ஊருக்குப் பக்கத்து ஊர். முகம் மலர்ந்துவிட்டது. கடைக்காரர் எடுத்துக் கையில் கொடுத்தார். பளபளவென்று இருந்தது, விரல்கள் தானாகவே இடம் பார்த்து உட்கார்ந்தன. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஆசையாக இருந்தது.

"இதுல பெயின்ட்டு வீணாகாது, சீராப் பரவும். ஆனா நெறைய காத்து கேக்கும். உங்க கம்ப்ரசர் எவ்ளோ பெருசு?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அதெல்லாம் பெருசுதான்" என்றார் அண்ணி.

நான் அவர் முழங்கையைத் தொட்டேன். "அண்ணி, நம்ம கம்ப்ரசரு..." என்பதற்குள் என் கால் பெருவிரலை மிதித்துவிட்டார். வீடு வரும் வரைக்கும் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஊரில் அதற்கு நடந்த வரவேற்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சங்கக் கட்டடத்தில் வெர்மூத் மதுவும் சலாமி இறைச்சியும் வைத்துக் கூட்டம் போட்டார்கள். தோன் ஒரெஸ்தே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊரு சாமான்யா! நம்ம ஊரு சாமான்!" என்று முத்தம் கொடுத்தார். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் கொலோனியா தெரெசீனாவில்தான். கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பாதிரியாரைக் கூப்பிட்டு கன்னுக்குத் தீர்த்தம் தெளிக்க வைத்தார்கள். அண்ணியைக் கையில் அதைப் பிடித்தபடி நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் செவலையின் பக்கவாட்டுத் தகடு ஒன்றைக் கழற்றி, துரு எடுத்து, பிரைமர் அடித்துக் காயவைத்தேன். அது காய்ந்த பிறகு அண்ணி புது கன்னில் சிவப்பை ஊற்றினார். முதல் இரண்டு கை அருமையாக விழுந்தது. "பாத்தியாடா! பாத்தியா!" என்று கத்தினார். அதற்குள் கம்ப்ரசருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. தடதடவென்று ஓடுகிறது, ஓடுகிறது, காற்று போதவில்லை. அழுத்தம் இறங்க இறங்கப் பெயின்ட் பொடியாகாமல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நிறுத்தி, காற்று நிரம்பக் காத்திருந்து, மறுபடி அடித்தோம். காய்ந்ததும் பார்த்தால் தகடு முழுக்க ஆரஞ்சுத் தோல்போலக் குழி குழி. கை வைத்தால் நெருநெருவென்றது.

மூன்று தகடு அடித்துப் பார்த்தார். முனையை மாற்றினார், பெயின்ட்டில் தின்னர் கூட்டினார், குறைத்தார். எல்லாம் அதே கதைதான். பெரிய கம்ப்ரசர் இரவல் வாங்கலாமென்றால் அதற்கு மூணு ஃபேஸ் கரண்ட் வேண்டும். எங்கள் தெருவுக்கு அது வரவில்லை. அண்ணி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல என்ன இருக்கு அண்ணி?" என்றேன். "பழைய கன்னாலயே எப்படியாவது அடிச்சிருவோம். இத செவத்துல மாட்டி வைங்க. எவன் வந்து கேக்கப் போறான்?"

"ஊர்ல ஒவ்வொருத்தனும் கேப்பான். தீர்த்தம் தெளிச்ச கன்னுடா."

"கேட்டா இதாலதான் அடிச்சோம்னு சொல்லிருவோம்."

"கடைல ஒரு பொய் சொன்னேன், அது போதும். பழைய கன்னுல செவலையோட வயித்துப் பக்கம் திட்டுத் திட்டா வரும். எனக்கு அந்தச் சாம்பல் கன்னு வேணும். அத வாங்கணும்னா கூட்டத்துல எந்திரிச்சுத்தான் ஆகணும்."

எங்கள் சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். கூட்டத்தில் கை தூக்கி வாங்கியதைக் கூட்டத்தில் கை தூக்கித்தான் மாற்ற முடியும். மாற்றச் சொல்கிறவர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும். தலைவரிடம் தனியாகப் போய்க் காதில் சொல்கிற வேலை நடக்காது. தோன் ஒரெஸ்தே இதற்குத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "போகாதீங்க அண்ணி, செவலைய ரொசாரியோவுக்கு ஏத்தி விட்டுருவாங்க" என்று கெஞ்சினேன். "ஏத்தினா ஏத்தட்டும். ஆரஞ்சுத் தோலோட ஊர்வலம் போறதுக்கு அது மேல்" என்றார்.

அந்த வாரக் கூட்டத்தில் பாஞ்ஞா கவுதா விருந்து. பூண்டும் நெத்திலியும் சட்டியில் கொதிக்க, எல்லோரும் காய்கறியை முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணி எழுந்தார். கெட்டுப்போன தகடு ஒன்றை ஒமாரிடம் கொடுத்து, "தடவிப் பாத்துட்டு அடுத்தவங்கள்ட்ட குடுங்க" என்றார். தகடு மேசை மேசையாகப் போனது. கடைசியாக அது தோன் ஒரெஸ்தேவிடம் வந்தது.

"இது என்ன கண்றாவி?" என்றார்.

"நான் அடிச்சதுதான். கன்னுமேல குத்தமில்ல, தோன் ஒரெஸ்தே. அது ரொம்ப நல்ல கன்னு. என் கம்ப்ரசரு அதுக்குப் பத்தாது. கடைக்காரர் கேட்டப்ப என்னுது பெருசுன்னு சொல்லிட்டேன். எனக்கு அந்தக் கன்னுமேல ஆசை வந்துருச்சு, அவ்ளோதான். அத திருப்பிக் குடுத்துட்டு நம்ம நாட்டுக் கன்னு ஒண்ணு இருக்கு, அத வாங்கித் தாங்க. அது எனக்குப் போதும். செவலைய நல்லா அடிச்சுக் காட்டுறேன்."

குரல் நடுங்கவில்லை. தோன் ஒரெஸ்தே தகட்டை மேசையில் வைத்தார். "தீர்த்தம் தெளிச்ச சாமானைத் திருப்பிக் குடுக்குறதா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க. பேசாம மருமகனுக்கு போன் போட்டுருவோம்" என்றார். சில தலைகள் ஆடின. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அண்ணி பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தேன்.

அப்போது ஒமார் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"ஏம்மா எதெல்வீனா, நீ மட்டுந்தானா? நான் ஒரு விதைப்பு மெஷினு வாங்கினேனே, ஞாபகமிருக்கா? எங்கப்பன் வச்சிருந்ததுல ரெண்டு பங்கு அகலம். வீட்டுக்குக் கொண்டாந்த பெறகுதான் தெரிஞ்சுது, என் கேட்டுக்குள்ள அது நொழையாதுன்னு. கேட்டுத் தூண உடைச்சேன். ஊர்ல எல்லார்கிட்டயும் லாரி மோதிருச்சுன்னு சொன்னேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், தன் கிணற்றில் தண்ணீரைவிட மோட்டார்தான் அதிகம் என்றார். இன்னொருவர், குளிர்சாதனம் வைத்த டிராக்டர் வாங்கிவிட்டு, டீசலுக்குப் பயந்து அதைப் போடாமலே வேர்த்துக்கொண்டு உழுகிற கதையைச் சொன்னார். அவர் மனைவி, "கண்ணாடியையும் தெறக்க மாட்டாரு, மத்தவங்க பாத்துருவாங்கன்னு!" என்று எடுத்துக் கொடுத்தாள். ஆளுக்கு ஆள் எழுந்து தங்கள் வீம்பில் வாங்கியதையெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சட்டி ஆறிப்போனது. யாரோ, "கையைத் தூக்குங்கய்யா, வீட்டுக்குப் போகணும்" என்றார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தோன் ஒரெஸ்தேவின் கை மட்டும் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

"ஊர்வலத்தன்னிக்குக் காலைல வந்து பாப்பேன். வயித்துக்கு அடியில கூடப் பாப்பேன். ஒரு எடத்துல பெயின்ட்டு வழிஞ்சிருந்தாலும் அதுமேல ஏற மாட்டேன்" என்றார். செவலையை ஓட்டும் உரிமை தலைவருக்குத்தான். அவர் ஏறாவிட்டால் செவலை நகராது. ஊர்வலமும் நகராது.

மறுநாளே அண்ணி ரொசாரியோவுக்குப் போய்க் கடைக்காரரிடமும் உண்மையைச் சொல்லி மாற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சின்ன கன்னின் விசிறி ஒரு கை அகலம்கூட இல்லை. அதனால் செவலையை மொத்தமாக அடிக்கவில்லை, பிரித்துப்போட்டுத் துண்டு துண்டாக அடித்தார். மூடி, மட்கார்டு, சக்கரத் தட்டு, டேங்க் எல்லாம் கூரையிலிருந்து கம்பியில் தொங்கின. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, அண்ணி ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரைக்கும் ஒரே வேகத்தில் நடப்பார். முந்தைய கோட்டின் பாதியை அடுத்த கோடு மூடும். கம்ப்ரசர் நிதானமாக ஓடியது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றும், வேலை ஓடாது.

என் வேலை தெருவில். சோயா அறுவடை நேரம், மண் சாலையில் தானிய லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும். அண்ணி கன்னை எடுத்தால் நான் சாக்குப் பையை ஆட்டிக்கொண்டு சாலை நடுவில் நிற்பேன். "மெதுவா போடா! உள்ள செவலைக்குக் கலர் காயுது!" சில டிரைவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நானும் கஞ்சத்தனம் காட்டவில்லை. விஷயம் பரவி, கடைசியில் லாரிகள் எங்கள் வீட்டருகே தாமாகவே ஊர்ந்து போயின.

ஊர்வல நாள் காலையில் தோன் ஒரெஸ்தே வந்தார். கழுத்தில் டை, கையில் மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடி. வணக்கம்கூடச் சொல்லவில்லை. செவலையைச் சுற்றி நடந்தார். குனிந்து, முழங்காலிட்டு, கண்ணாடியை வயிற்றுக்கு அடியில் நீட்டிப் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினார். அண்ணி மாத்தேயை உறிஞ்சிக்கொண்டு சும்மா நின்றார்.

"இங்க ஏதோ இருக்கு" என்றார். பின் மட்கார்டில் விரல் நின்றது.

அண்ணி குனிந்து பார்த்தார். "கொசு. பெயின்ட்டு ஈரமா இருக்கப்ப வந்து ஒக்காந்துருச்சு. அதுவும் நம்ம ஊருதான், ஊர்வலம் போகட்டும்."

தோன் ஒரெஸ்தே சிரிக்கவில்லை. கண்ணாடியை என் கையில் திணித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். செவலை புகையைக் கக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தது. அந்தச் சிவப்பில் தெருவும் மரமும் ஆட்களும் தெரிந்தார்கள். ஓரங்களில் நின்றவர்கள் கை தட்டினார்கள் பாருங்கள், மாதா சுரூபம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. ஒமார் என் முதுகில் ஓங்கி அடித்து, "உங்க அண்ணிடா! உங்க அண்ணி!" என்று கத்தினார். தெரியாதா எனக்கு!

மதியம் சதுக்கத்தில் கறி சுட்டு நீள மேசையில் பரிமாறினார்கள். நாங்கள் தின்றுகொண்டிருந்தபோது தோன் ஒரெஸ்தே தட்டோடு வந்து அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"எதெல்வீனா."

"சொல்லுங்க."

"நான் போய்ச் சேந்தா, என் சவப்பெட்டிக்கு நீதான் பெயின்ட்டு அடிக்கணும். வீட்ல சொல்லி வச்சிட்டேன்."

மேசையில் எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். அண்ணி வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"அடிக்கிறேன், தோன் ஒரெஸ்தே. ஆனா அவசரப்படாதீங்க. காலைலேருந்து மூணு டிராக்டரு, ஒரு டிரெய்லருன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதெல்லாம் முடியணும்."

"நான் காத்திருக்கேன்" என்றார் அவர். "மருமகன் வந்து நின்னா உள்ள விடாத."

நான் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். அண்ணி தன் கைக்குட்டையை என்னிடம் தூக்கிப் போட்டுவிட்டு, என்ன நிறம் வேண்டும் என்று அவரிடம் கேட்டார்.